முப்பது கஜத்துக்கு எதற்கு பைனாகுலர்?

அம்பத்தூரிலிருந்து 47 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறார். சில ஆண்டுகளாக வார இறுதிகளில் காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி வைத்த நவீன வில்) பயில்கிறார். அவருடைய அக்கா குடும்பம் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறது. அத்தான் அங்கே ஆண்டுதோறும் உரிமம் பெற்று, வெண்வால் மான் வேட்டைக்கு வில்லோடு போகிறவர். வரும் அக்டோபரில் மைத்துனரான இவரையும் அழைத்திருக்கிறார். பைனாகுலர் கொண்டுவரட்டுமா என்று இவர் கேட்டதற்கு, "நாம் எய்யப்போவதே இருபது, முப்பது கஜத்துக்குள். அவ்வளவு கிட்டத்தில் நிற்கும் மானைப் பார்க்க அது எதற்கு? கழுத்துக்குப் பாரம்" என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் வாசகருக்குத் தன் கண்மீதே சந்தேகம் வந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் பயிற்சிக் களத்தில் இலக்குத் தாளின் வளையங்கள் அவருக்குக் கலங்கித் தெரிகின்றன. உடன் பயிலும் இளைஞர்களுக்கு நன்றாகவே தெரிகின்றன. 'பவர் கூடுதலாக' இருந்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 30 × 60 என்று அச்சிட்ட பைனாகுலர் ஒன்றை வாங்கினார். பத்து நிமிடம் பார்த்தால் நெற்றி வலிக்கிறது. அவர் அணிவது, எட்டத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரஸிவ் கண்ணாடி. நாணை இழுத்து நிறுத்தினால், குறி பார்ப்பதற்காக வில்லில் பொருத்திய குறிமுள் மங்குகிறது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா, அதன் லேசர் கண்ணைக் கெடுக்குமா என்று மனைவி கேட்கிறாராம். வில்லிலேயே உருப்பெருக்கி பொருத்தினால் என்ன என்று இவரும் கேட்டிருக்கிறார். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று: கிளம்புவதற்கு முன் கை பழகுவதற்காக, நண்பரோடு ஊத்துக்கோட்டைப் பக்கம் முயல் அடிக்கப் போகிறாராம். "துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ் வேண்டும், வில்லுக்கு இல்லையே."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். நான் கண் மருத்துவர். ஆனாலும் இதை விட்டுவிட்டு லென்ஸைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. முயல் வேட்டைத் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. முயல் அந்தச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கவுதாரியும் காட்டுப்பன்றியும்கூட அப்படித்தான். கொன்றால்தான் குற்றம் என்றில்லை. கொல்ல முயல்வதும், விரட்டுவதும், கண்ணி வைப்பதும் வேட்டை என்றே கருதப்படும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கென்றால் தண்டனை இன்னும் கடுமை. ஆயுதத்தோடு நீங்கள் போன வண்டியும் அரசுடைமையாகக்கூடும். வழக்கும் பறிமுதலுமாக நிற்கும்போது அக்டோபர் பயணம் என்னவாகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அத்தான் செய்வது அந்த மாநிலத்தின் பருவம், உரிமம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு உட்பட்ட செயல். இங்கே நமக்கு அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. அங்கேயும் முதன்முறை உரிமம் எடுக்கிறவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்; வில் பருவத்துக்கெனத் தனி அனுமதியும் தேவை. அத்தானிடம் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

இனி பைனாகுலர். எடுத்துச் செல்லுங்கள். அத்தான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: எய்யும் தூரம் குறைவுதான். ஆனால் அந்தக் காட்டில் உங்கள் கண்ணுக்குள்ள வேலையில் எய்வது மிகச் சிறிய பகுதி. மணிக்கணக்கில் உட்கார்ந்து, அசைவது கிளையா காதா என்று பார்த்து, எய்யலாமா கூடாதா என்று முடிவெடுப்பதுதான் பெரிய பகுதி. பென்சில்வேனியாவில் 2002 முதல் கொம்புக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆண் மானின் கொம்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளைகள் இருந்தால்தான் எய்யலாம். பகுதியைப் பொறுத்து அந்த எண்ணிக்கை மாறும். பெண் மானுக்குத் தனி அனுமதிச்சீட்டு. விடியற்கால அரை இருட்டில், புதருக்குப் பின்னால், நாற்பது கஜத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் மானின் கொம்புக் கிளையை 47 வயதுக் கண்ணால் வெறுமனே எண்ணிவிட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அது கிட்ட வந்த பிறகு கையைத் தூக்கினால் ஓடிவிடும். எட்டத்தில் இருக்கும்போதே பார்த்து முடித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அம்பின் பாதையில் விரல் தடிமனில் ஒரு குச்சி குறுக்கிட்டாலே போதும், அம்பு திசை மாறி மானின் வயிற்றிலோ காலிலோ பாயும். அந்த விலங்கு நாள்கணக்கில் வதைபடும். வெறும் கண் அந்தக் குச்சியைத் தவறவிடும், ஏனென்றால் மனம் மானின்மீது இருக்கிறது. பைனாகுலரின் ஃபோகஸ் சக்கரத்தை மெல்ல உருட்டிப் பாருங்கள்: முன்னால் இருக்கும் புதர் கரைந்து, பின்னால் ஒரு காது துலங்கும், திருப்பி உருட்டினால் காது கரைந்து, நடுவே இருந்த குச்சி எழுந்து நிற்கும். முப்பது கஜத்தில் பைனாகுலரின் பயன் இதுதான். எய்த பிறகும் அது வேண்டும். அம்பு எங்கே பட்டது, மான் எந்த மரத்தைக் கடந்து மறைந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான் தேடிப் பிடிக்க முடியும்.

கருவிக்கு முன் கண்

கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அந்தியில் வளையங்கள் கலங்குவதுதான். இதற்கு 'பவர்' மருந்தல்ல. உருப்பெருக்கம் பொருளைப் பெரிதாக்கும்; வெளிச்சத்தைக் கூட்டாது. வயது ஏற ஏற, இருட்டில் கருவிழியின் பாவை விரியும் அளவு குறைகிறது. இளைஞருக்கு ஏழு மில்லிமீட்டர்வரை விரிவது, ஐம்பதை நெருங்கும்போது பெரும்பாலும் ஐந்து மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். உடன் பயிலும் இளைஞர்களுக்குத் தெரிவதும் உங்களுக்குத் தெரியாததும் ஓரளவு இயற்கைதான்.

ஓரளவு என்றுதான் சொல்கிறேன். தொடக்க நிலைக் கண்புரையும் இப்படித்தான் தலைகாட்டும்; விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிகிறதா என்று கவனியுங்கள். விழித்திரைக் கோளாறும் இருக்கலாம். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதுக் கண்ணாடி வாங்குவதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் தன்மை மாறி, பவரும் தற்காலிகமாக மாறும். அந்த நேரத்தில் எழுதிக்கொடுக்கும் கண்ணாடி சில வாரங்களில் பயனற்றுப் போகும். கண் அழுத்தம், சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம். செலவு யோசனையாக இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது. இந்தப் பரிசோதனைகள் எல்லாம் அங்கே உண்டு. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று பைக் ஓட்ட வேண்டாம்.

கூடவே நிறக்குருட்டுப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாது; அப்படி ஒரு குறை இருப்பதே சிலருக்கு நெடுநாள் தெரியவராது. இலைமேல் விழுந்த ரத்தத் துளியைத் தொடர்ந்து அடிபட்ட மானைக் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவருக்கு அது தெரிந்தாக வேண்டும். நல்ல கண்ணுக்கும்கூட அந்தியில் சிவப்புத்தான் முதலில் கருத்துப்போகும். பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வில்லில் உங்கள் குறிமுள் சிவப்பு நிறமென்றால் பச்சைக்கு மாற்றிப் பாருங்கள்.

முள் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் புரோகிரஸிவ் கண்ணாடி. நாணை முழுதாக இழுத்து, முகத்தைத் திருப்பி நிற்கும்போது, உங்கள் பார்வை கண்ணாடியின் நடுவழியாகப் போவதில்லை; மூக்கோர மேல்முனை வழியாகப் போகிறது. புரோகிரஸிவ் லென்ஸில் ஓரங்கள் இயல்பாகவே கலங்கலானவை. வில்லுக்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள், அல்லது காண்டாக்ட் லென்ஸ் பழகுங்கள். வில்லை இழுக்கும்போது மான் தெளிவாகத் தெரிய வேண்டும். முள் லேசாகக் கலங்கினால் பாதகமில்லை. நாணில் குறி பார்ப்பதற்காக வைத்த பீப் துளையும் ஊசித்துளைபோல் வேலை செய்து முள்ளை ஓரளவு தெளிவாக்கும். ஆனால் துளை சிறிதானால் இருட்டும் கூடும். அந்தியில் பார்க்க வேண்டியவருக்குக் கால் அங்குலத் துளை வசதி.

எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை நம்பும் கண், என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே எதிர்வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் தொட்டி மறைகிறதோ, அதுதான் ஆளும் கண். வலக்கை வில்லாளியான உங்களுக்கு அது இடக்கண்ணாக இருந்தால், குறி தவறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

எந்த பைனாகுலர்

உங்களிடம் உள்ளதை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். முன் லென்ஸின் குறுக்களவு 60 மில்லிமீட்டர் இருக்கிறதா? கையடக்கக் கருவி என்று எழுதியிருப்பதால் இருக்காது என்றே நினைக்கிறேன். முப்பது மடங்கு உருப்பெருக்கம் உண்மையாக இருந்தாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கை நடுக்கமும் முப்பது மடங்காகும். நெற்றிவலிக்குக் காரணம், இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்காமல் இருப்பதாகத்தான் இருக்கும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பைப் பார்த்தபடியே, கருவியை மெதுவாகக் கண்ணிலிருந்து நான்கைந்து அங்குலம் விலக்குங்கள். இரண்டு வட்டங்களிலும் அந்த விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலும் ஒன்றில் கீழுமாகத் தெரிந்தால், அதை ஒட்டவைக்கும் வேலையை உங்கள் கண் தசைகள்தான் செய்துகொண்டிருக்கின்றன. மேல் கீழ் விலகலைக் கண் அதிகம் தாங்காது. அந்தக் கருவியை இனி பயன்படுத்தாதீர்கள்; குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

வாங்கவேண்டியது 8 × 42. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 42 ÷ 8, ஐந்தேகால் மில்லிமீட்டர். உங்கள் பாவை இருட்டில் விரியும் அளவுக்கு இது ஏறத்தாழப் பொருந்துகிறது. 10 × 42இல் அது 4.2 ஆகக் குறையும். 8 × 25 சட்டைப்பைக் கருவியில் மூன்றைச் சற்றே தாண்டும். பகலில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியாது. பென்சில்வேனியாவில் சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்பிலிருந்து மறைந்த அரைமணி பின்புவரை மான் வேட்டைக்கு அனுமதி. மான்கள் அதிகம் நடமாடுவதும் அந்த இரண்டு அரைமணிகளில்தான். நமக்குச் சென்னையில் பொழுது சாய்ந்த வேகத்தில் இருட்டிவிடும். அங்கே அந்தி சற்று நீளும். அந்த நேரத்துக்காகத்தான் 42.

கண்ணாடியோடு பார்க்கிறவர் என்பதால், கண் வைக்கும் தூரம், அதாவது காட்சி முழுதும் தெரியக் கண்ணுக்கும் கருவியின் பின் லென்ஸுக்கும் இடையே இருக்கலாகும் தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியாகக் கேளுங்கள். குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். ரப்பர் குவளையைக் கீழே திருகிவிட்டு, கண்ணாடியோடே பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸால் சரிசெய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். சிலிண்டர் பவர் (கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர்) இல்லாதவருக்கு அது சரிவரும். உங்கள் சீட்டில் சிலிண்டர் பவர் இருப்பதால் எந்தச் சக்கரமும் அதை ஈடுசெய்யாது. புரோகிரஸிவ்வை அணிந்திருந்தால் அதன் மேல்பகுதி வழியாகப் பாருங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. வலக்குழலை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவு வரவழையுங்கள். பிறகு இடக்குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருகி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்து பைனாகுலரால் துழாவும்போது, சூரியன் அதற்குள் வந்துவிடவே கூடாது. நொடிப்பொழுதில் விழித்திரை நடுவே ஏற்படும் தீக்காயத்துக்கு என்னிடம் சிகிச்சை இல்லை.

நாணில் சிக்காமல்

அத்தான் பாரம் என்று சொன்னதற்குப் பின்னால் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கழுத்தில் வாரோடு தொங்கும் பைனாகுலர், வில்லை இழுக்கக் குனியும்போது முன்னால் ஆடி நாணின் பாதைக்குள் வரும். நாண் விடுபடும் வேகத்தில் அது சிக்கினால் அம்பு எங்கோ போகும், உங்கள் முகத்துக்கும் ஆபத்து. மார்போடு இறுக்கிப் பிடிக்கும் தோள்பட்டை வார் விற்கிறது, அதையே வாங்குங்கள். அதன் பை தடித்திருந்தால் அதுவும் நாணில் உரசும். எனவே கருவியை மார்பில் கட்டிக்கொண்டே இங்கே பயிற்சிக் களத்தில் சில வாரம் எய்து பழகுங்கள். குளிர்காலச் சட்டை போட்டால் மார்பு இன்னும் முன்னுக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மரத்தின்மேல் அமைத்த மேடையில் உட்காருவீர்களானால், விழாமல் காக்கும் பாதுகாப்புப் பட்டையை முதலில் அணிந்து, அதற்கு மேல் இதை அணியுங்கள். இதற்காக அதைத் தளர்த்தவே வேண்டாம்.

முதலில் வெறும் கண்ணால் அகலமாகப் பாருங்கள், அசைவு தெரிந்த இடத்துக்கு மட்டும் கருவியை உயர்த்துங்கள். மானுக்கு நிறம் அவ்வளவாகப் பிடிபடாது, அசைவு உடனே பிடிபடும். அது தலையைக் குனிந்து மேயும்போதோ, மரத்துக்குப் பின்னால் போகும்போதோதான் கையைத் தூக்க வேண்டும்.

தூரம் அளக்கும் கருவியும் மற்றவையும்

பைனாகுலர், ரேஞ்ச்ஃபைண்டர் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது என்று கேட்டிருக்கிறீர்கள். பைனாகுலர். தூரத்தை அத்தானின் ரேஞ்ச்ஃபைண்டரைக் கேட்டு வாங்கியே அளந்துவிடலாம், ஏனென்றால் அது மான் வருவதற்கு முன்பே முடியவேண்டிய வேலை. உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நான்கைந்து மரங்களை அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், வினாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு, காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், 20 கஜம் போவதற்குள் 9 அங்குலம் இறங்குகிறது. 30 கஜத்தில் 20 அங்குலம். பத்துக் கஜம் தப்பாக மதிப்பிட்டால் ஒரு சாணுக்குச் சற்றே குறைவாக அம்பு விலகும். வெண்வால் மானின் உயிர்நிலைப் பகுதியோ எட்டு அங்குலம் சுமாருக்குத்தான். நம் கண் தட்டைத் தரையில் தூரத்தை நன்றாகவே மதிப்பிடும். காட்டில், மரக்கிளைமேலிருந்து, அரை வெளிச்சத்தில் மோசமாகத் தவறும்.

லேசரைப் பற்றி உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பு லேசர், பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை வில்லாளியின் கருவியாகப் பயன்படுத்த அங்கே என்ன விதி என்று அந்த ஆண்டின் வேட்டை விதிப் புத்தகத்தில் அத்தான் பார்க்கட்டும். மின்னணுக் கருவிகளுக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரவுப் பார்வைக் கருவி பற்றிய எண்ணமே வேண்டாம். வில்லில் உருப்பெருக்கி லென்ஸும் வேண்டாம்: உங்கள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டி, பதற்றத்தில் விரலைத் தளர்த்த வைக்கும்.

கை பழகத்தான் முயல் என்றீர்கள். வில்லுக்குப் பயிற்சிக் களம் இருக்கிறது. கண் பழக, விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சாலையோரம் போய் நில்லுங்கள். கூழைக்கடாவையும் நீலத் தாழைக்கோழியையும் யாரும் பார்த்துவிடலாம். நீங்கள் தேட வேண்டியது கோரைக்கு நடுவே அசையாமல் நிற்கும் மடையானை. முதுகு மண்நிறம், கழுத்தில் பழுப்புக் கோடுகள். பறக்கும்வரை அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. கோரையைக் கரையவிட்டு அதன் அலகை மட்டும் துலக்கிக் காட்ட உங்கள் விரலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அது கைவந்துவிட்டால், புதருக்குப் பின்னால் மானின் காதும் அகப்படும்.

கண் பரிசோதனையை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். புதுக் கண்ணாடியோடு குறி பழக இரண்டு மாதமாவது வேண்டும். வரும்போது பழைய கண்ணாடிச் சீட்டையும், நாணை முழுதாக இழுத்த நிலையில் முகத்துக்கு எதிரேயும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்களையும் கொண்டுவாருங்கள். உங்கள் பார்வை லென்ஸின் எந்த இடத்தின் வழியாகப் போகிறது என்று அந்தப் படங்களில் தெரியும். வில்லுக்கான கண்ணாடியில் லென்ஸின் மையத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை அதைக் கொண்டுதான் குறிக்க முடியும்.